வயலுக்கு வயல் சங்கிலி போட்ட மன்றோ

விருதுநகர் ஜில்லாவிலே, சிவகாசிக்குத் தென்மேற்கே, ஆலங்குளம் என்று ஓர் ஊர் இருக்கிறது. வெம்பக்கோட்டைத் தாலுகாவைச் சேர்ந்தது. சுற்றிலும் கரிசல் பூமி. மழை பெய்தால் பருத்தி உண்டு, மக்காச்சோளம் உண்டு, மிளகாய் உண்டு. மழை பொய்த்தால் தீப்பெட்டி ஆபீசும் பட்டாசு ஆலையுந்தான் கஞ்சி வார்க்க வேண்டும்.

தென்காசி ஜில்லாவிலும் ஓர் ஆலங்குளம் இருக்கிறது. வெளியூர்க்காரர்கள் இரண்டையும் ஒன்றாக எண்ணிக் குழம்புவதுண்டு. ஊருக்கே இந்தக் கதி என்றால் வயலுக்கு என்ன கதி? கிணற்றுக் காடு, மேட்டுப் புஞ்சை, கோயில் காடு என்று ஊருக்கு ஊர் அதே பெயர்கள்தாம். வீட்டில் உள்ளவர்களுக்கு எந்தக் காடு என்று தெரியும். கோர்ட்டுக்குத் தெரியுமா? பாங்கிக்குத் தெரியுமா?

ஆகையால்தான் ஒவ்வொரு வயலுக்கும் ஓர் எண் கொடுத்திருக்கிறார்கள். சர்வே நம்பர் என்கிறோம். அந்த எண்ணுக்கு எதிரே நிலத்தின் அளவு இருக்கும், தீர்வை இருக்கும், உடையவர் பெயர் இருக்கும். அண்ணன் தம்பி பாகம் பிரித்தாலும், பக்கத்துக் காட்டுக்காரர் வரப்பைத் தள்ளிப் போட்டாலும், எல்லைக் கல் காணாமற் போனாலும், கடைசியில் எல்லோரும் வந்து நிற்கிற இடம் அந்த ஏடுதான்.

இந்த ஏடு எப்படி வந்தது? நம் சீமையில் நிலம் அளப்பது புதிதல்ல. சோழ ராஜாக்கள் காலத்திலேயே கோல் வைத்து அளந்தார்கள். வடக்கே அக்பர் பாதுஷாவின் மந்திரி தோடர்மால் அளந்தார். ஆனால் நாட்டைக் கும்பினியார் பிடித்த பிறகு, நடுவே நிற்கும் ஜமீன்தாரைப் பார்க்காமல், உழுகிற குடியானவனையே நேரில் அழைத்து, அவன் வயலை அளந்து, அவன் பெயரை ஏட்டில் எழுத வேண்டும் என்று விடாப்பிடியாக நின்ற ஒருவர் இருந்தார். அவர்தான் ஸர் தாமஸ் மன்றோ.

சென்னைத் தீவுத்திடலுக்குப் பக்கத்தில், குதிரை மேல் கம்பீரமாக உட்கார்ந்திருக்கும் சிலையைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் குதிரைக்குச் சேணமும் இல்லை, அங்கவடியும் இல்லை. அதில் ஏறியிருப்பவர்தான் நம் கதாநாயகர்.

காது மந்தமான பையன்

மன்றோ 1761-ம் வருஷம் மே மாதம் 27-ந் தேதி, ஸ்காட்லாந்து தேசத்துக் கிளாஸ்கோ நகரில் பிறந்தார். தகப்பனார் அலெக்ஸாண்டர் மன்றோ ஒரு வியாபாரி. அமெரிக்காவிலிருந்து புகையிலை வாங்கி விற்பது அவர் தொழில். சின்ன வயதில் கண்ட நோயால் மன்றோவுக்குக் காது சற்று மந்தமாயிற்று. அந்தக் குறை கடைசி வரை போகவில்லை.

பள்ளியிலும், பிறகு கிளாஸ்கோ சர்வகலாசாலையிலும் படித்தார். வியாபாரம் பழக ஒரு கடையில் கணக்கு எழுதவும் போனார். அந்தச் சமயம் பார்த்து அமெரிக்கர்கள் ஆங்கில அரசாங்கத்தை எதிர்த்து எழுந்தார்கள். சண்டையில் புகையிலை வியாபாரம் படுத்தது. தகப்பனார் நொடித்துப் போனார். வசதியாக வளர்ந்த பிள்ளை, பிழைப்பைத் தேடிக் கப்பல் ஏற வேண்டியதாயிற்று.

கிழக்கிந்தியக் கும்பினியின் பட்டாளத்தில் மிகச் சாதாரண உத்தியோகம் கிடைத்தது. 1780-ம் வருஷம் ஜனவரியில் சென்னையில் இறங்கினார். அப்போது வயது பதினெட்டு. அந்த வருஷமே ஹைதர் அலி கர்நாடகத்தில் புகுந்தார். இளைஞர் மன்றோ நாலு வருஷம் போர்க்களத்தில் கழித்தார். சம்பளம் கொஞ்சந்தான். அதிலும் மிச்சம் பிடித்துப் பெற்றோருக்குப் பணம் அனுப்பினார்.

மற்ற துரைமார் சீட்டாட்டத்திலும் விருந்திலும் பொழுது போக்க, மன்றோ பாரசீகமும் ஹிந்துஸ்தானியும் படித்தார். காது மந்தமானவர், பிற தேசத்துப் பாஷையைக் காதால் கேட்டுப் பழகினார். அந்தப் படிப்புத்தான் பிற்காலத்தில் அவரை உயர்த்தியது.

பாரமகாலில் ஏழு வருஷம்

1792-ம் வருஷம் திப்பு சுல்தானுடன் உடன்படிக்கை ஆயிற்று. பாரமகாலும் சேலமும் கும்பினியார் கைக்கு வந்தன. இன்றைய தர்மபுரி, கிருஷ்ணகிரி, திருப்பத்தூர்ப் பக்கந்தான் அந்தக் காலத்துப் பாரமகால்.

புதிய சீமையை நிர்வாகம் செய்ய ஆள் வேண்டும். வரி வாங்கும் இலாகாவில் இருந்த சிவில் உத்தியோகஸ்தர்களுக்கு ஜனங்களின் பாஷை தெரியாது. எனவே கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் பிரபு, பட்டாளத்தைச் சேர்ந்த காப்டன் அலெக்ஸாண்டர் ரீட் என்பவரை நியமித்தார். ரீடுக்கு உதவியாக வந்தவர்களில் மன்றோவும் ஒருவர்.

அந்த நாளில் வரி வாங்கும் வழக்கம் என்ன தெரியுமா? ஒரு கிராமத்தையோ, பல கிராமங்களையோ ஒருவருக்குக் குத்தகைக்கு விட்டுவிடுவார்கள். அவர் சர்க்காருக்கு இவ்வளவு கட்டினால் போதும். குடியானவனிடம் அவர் எவ்வளவு கறந்தார் என்று யாரும் கேட்பதில்லை. குடியானவனுக்குத் தன் வயல் எத்தனை ஏக்கர் என்றும் தெரியாது. தான் கட்ட வேண்டிய தொகை எவ்வளவு என்றும் தெரியாது. கேட்டதைக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் ஊரை விட்டு ஓட வேண்டும்.

ரீட் துரையும் மன்றோவும் கிராமம் கிராமமாகப் போனார்கள். நிலத்தை அளந்தார்கள். மண்ணின் தரத்தைப் பார்த்துத் தீர்வை கட்டினார்கள். இன்ன வயலுக்கு இன்ன தொகை என்று குடியானவனுக்கே சொன்னார்கள். இதுவே பிற்காலத்தில் ரயத்துவாரி முறை என்று பெயர் பெற்றது. ரயத்து என்றால் குடியானவன்.

மன்றோ தர்மபுரியில் தங்கினார். அங்கே தம் கையால் ஒரு தோட்டமும் போட்டார். ஏழு வருஷம் அந்தச் சீமையில் குதிரையில் சுற்றிச் சுற்றி வந்தார். அங்கேதான் அவருக்கு ஒரு பாடம் புரிந்தது. கச்சேரியில் உட்கார்ந்து எழுதுகிற கணக்கு வேறு. வயலில் நின்று எழுதுகிற கணக்கு வேறு.

முப்பத்து மூன்று அடிச் சங்கிலி

1799-ல் திப்பு சுல்தான் மாண்டார். அதன் பிறகு மன்றோ சில காலம் கன்னடக் கடற்கரைச் சீமைக்குக் கலெக்டராக இருந்தார். 1800-ல் ஹைதராபாத் நிஜாம், பல்லாரி, அனந்தப்பூர், கடப்பை முதலிய பெரும் பிரதேசத்தைக் கும்பினியாருக்கு விட்டுக் கொடுத்தார். அந்தச் சீமைக்கு மன்றோவே பிரதம கலெக்டர் ஆனார்.

அங்கே பாளையக்காரர்கள் அநேகர் இருந்தார்கள். அவர்களை மன்றோ கடுமையாக அடக்கினார். அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அவர் கும்பினியின் ஊழியர். கும்பினிக்கு வரி வேண்டும்; அதற்காகத்தான் அவர் அனுப்பப்பட்டார்.

ஆனால் அந்த வேலையை அவர் செய்த விதம் வேறாக இருந்தது. ஏழு வருஷம் பெரும்பாலும் கூடாரத்திலேயே குடியிருந்தார். ஊருக்கு வெளியே மரத்தடியில் உட்கார்ந்து குடியானவர்களை நேரில் அழைத்துப் பேசினார்.

1802-ல் நிலங்களை அளக்கும் பெரிய வேலை தொடங்கியது. அளக்க அவர் கொடுத்தது 33 அடி நீளச் சங்கிலி. ஏன் 33 அடி? கணக்கைப் பாருங்கள். 33 அடி நீளம், 33 அடி அகலம் உள்ள துண்டு 1,089 சதுர அடி. இதற்குக் குண்டை என்று பெயர். நாற்பது குண்டை சேர்ந்தால் 43,560 சதுர அடி. அதுதான் சரியாக ஓர் ஏக்கர்! எழுதப் படிக்கச் சிரமப்படும் ஆள்கூட, சங்கிலியை எண்ணியே ஏக்கர் கணக்குச் சொல்லிவிடலாம்.

அளந்தவர்கள் எல்லோரும் நம் நாட்டுக் குமாஸ்தாக்கள். அளந்த ஏக்கருக்குத் தக்கபடி அவர்களுக்குக் கூலி. கூலிக்கு ஆசைப்பட்டுக் கண்ணை மூடிக்கொண்டு அளந்தால்? அதற்காக, அளந்ததை மறுபடி அளந்து பார்க்கத் தனி ஆட்களை வைத்தார். பிறகு மண்ணின் தரத்தைப் பார்க்க வேறு ஆட்கள் வந்தார்கள். கடைசியில் குடியானவனையே அழைத்து, எழுதியதைப் படித்துக் காட்டினார்கள்.

அளப்பவர் ஒருவர்; சரி பார்ப்பவர் ஒருவர்; உடையவன் காதில் போட்ட பிறகே முடிவு. மன்றோவின் முறை முழுவதும் இந்த மூன்றில் அடங்கிவிடும்.

மந்திராலயத்தைப் பற்றி அந்தப் பக்கத்து ஜனங்கள் ஒரு கதை சொல்வார்கள். ராகவேந்திர சுவாமிகளின் பிருந்தாவனம் இருக்கும் ஊர் அது. மடத்து மானிய நிலத்தைச் சர்க்கார் திருப்பி எடுத்துக்கொள்ளலாமா என்று விசாரிக்க மன்றோ போனாராம். தொப்பியையும் பாதரட்சையையும் கழற்றிவிட்டு உள்ளே போனவருக்கு, சமாதியடைந்து நெடுங்காலம் ஆன சுவாமிகளே காட்சி தந்து பேசினாராம். கூட வந்தவர்கள் கண்ணுக்கு யாரும் தெரியவில்லையாம். மானியம் மடத்துக்கே நிலைத்தது என்று கதை முடிகிறது. காது மந்தமான துரைக்கு, மற்றவர்களுக்குக் கேளாத குரல் கேட்டது என்று ஜனங்கள் சொல்கிறார்கள் என்றால், அவர் மேல் அவர்கள் வைத்த மதிப்பை அறிந்துகொள்ளலாம்.

தானே சொன்ன தவறு

1807-ல் மன்றோ சீமைக்குத் திரும்பினார். புறப்படும் முன் சர்க்காருக்கு ஓர் அறிக்கை எழுதினார். தாம் விதித்த தீர்வை அதிகம், அதில் நூற்றுக்கு இருபத்தைந்து பங்கு குறைக்க வேண்டும் என்பது அதன் சாரம். தாம் போட்ட கணக்கைத் தாமே குறைக்கச் சொல்லும் உத்தியோகஸ்தர் எத்தனை பேர்?

மேலிடத்தார் கேட்கவில்லை. அது மட்டுமா? அவர் கப்பல் ஏறிய பிறகு, பழையபடி கிராமங்களைக் குத்தகைக்கு விடத் தொடங்கினார்கள். முதலில் மூன்று வருஷக் குத்தகை. பிறகு பத்து வருஷக் குத்தகை. குத்தகைக்காரர் நடுவே வந்தார். குடியானவன் பெயர் பின்னுக்குப் போயிற்று.

லண்டனில் பார்லிமெண்டார் கும்பினியின் நிர்வாகத்தை விசாரித்தபோது, மன்றோ பல நாள் சாட்சி சொன்னார். ஜமீன் முறை சிறந்ததா, ரயத்துவாரி சிறந்ததா என்று பெரிய விவாதம் நடந்தது. வங்காளத்தில் 1793-லேயே ஜமீன் முறையை நிரந்தரமாக்கிவிட்டார்கள். நம் தெற்கத்திச் சீமையிலும் 1803-ல் எட்டயபுரம், இராமநாதபுரம், சிவகங்கை போன்றவை ஜமீன்களாக நிலைபெற்றன. இந்த அலையை எதிர்த்துத்தான் மன்றோ நின்றார். முடிவில் அவர் பேச்சே எடுபட்டது.

கவர்னர் மன்றோ

1814-ல் அவருக்குக் கல்யாணம் நடந்தது. மனைவி பெயர் ஜேன் காம்பெல். அந்த வருஷமே தம்பதிகள் சென்னைக்கு வந்தார்கள். 1820-ல் மன்றோ சென்னை ராஜதானியின் கவர்னர் ஆனார். கணக்கு எழுதிய பையன், நாற்பது வருஷத்துக்குப் பிறகு ராஜதானிக்கே தலைவர்!

ஜமீன்கள் நீங்கலாக, ராஜதானி முழுவதும் ரயத்துவாரி முறையை நிலைநாட்டினார். முன்பு மறுக்கப்பட்ட இருபத்தைந்து பங்குக் குறைப்பையும் தாமே செய்து முடித்தார். பத்து வருஷத்துக்கு மேலாகியும் அதை அவர் மறக்கவில்லை.

இன்னொரு கணக்கும் எடுத்தார். 1822-ல், ஒவ்வொரு ஜில்லாவிலும் எத்தனை பள்ளிக்கூடம், எத்தனை பிள்ளைகள் என்று கலெக்டர்களைக் கேட்டார். 12,498 பள்ளிகளில் 1,88,650 பேர் படிப்பதாகப் பதில் வந்தது. இது போதாது என்று, தாலுகா தோறும் பள்ளி வைக்கத் திட்டம் போட்டார். எழுதப் படிக்கத் தெரியாத குடியானவனுக்கு, ஏட்டில் தன் பெயர் இருந்து என்ன பயன்?

கடைசிப் பயணம்

1826-ல் அவருடைய சின்ன மகனுக்கு உடம்பு சரியில்லை. குழந்தையை அழைத்துக்கொண்டு மனைவி சீமைக்குப் போனார். மன்றோவும் போக விரும்பி, பதவியிலிருந்து விடுதலை கேட்டிருந்தார். அடுத்த கவர்னர் வரத் தாமதமாயிற்று.

அந்த இடைவேளையில் அவருக்கு ஓர் ஆசை. தாம் பழகிய பல்லாரி, கடப்பைச் சீமையை ஒரு தடவை பார்த்து விடைபெற வேண்டும் என்று 1827-ம் வருஷம் கோடையில் புறப்பட்டார். வழியெல்லாம் காலரா பரவியிருந்தது. கூட வந்தவர்களில் சிலருக்கு நோய் கண்டது. ஜூலை 6-ந் தேதி பத்திகொண்டா என்ற ஊரில் மன்றோவுக்கும் கண்டது. அன்று இரவே அவர் உயிர் பிரிந்தது. வயது 66. மனைவி மக்களை அவர் மறுபடி பார்க்கவே இல்லை.

கூத்தி என்ற ஊரில் அடக்கம் செய்தார்கள். பின்னர் 1831-ல் சென்னைக் கோட்டையில் இருக்கும் மாதா கோயிலுக்கு அவர் எலும்புகளைக் கொண்டு வந்தார்கள். பத்திகொண்டாவில் அவர் நினைவாக ஒரு கிணறு வெட்டித் தோப்பு வைத்தார்கள். குதிரை மேல் இருக்கும் வெண்கலச் சிலை 1839-ல் வந்தது. அந்தச் சீமையில் அநேகர் தங்கள் பிள்ளைகளுக்கு மன்றோலப்பா என்று பெயர் வைத்தார்கள்.

ஏடு மட்டும் போதுமா?

மன்றோ போன பிறகு என்ன நடந்தது? ஏடு இருந்தது, ஏட்டைப் பார்ப்பவர்கள் எல்லோரும் மன்றோவாக இல்லை. வரி கட்டாத குடியானவர்களை வெயிலில் நிறுத்தியும், அடித்தும் வதைத்தார்கள் என்று 1855-ல் சென்னையில் ஒரு விசாரணைக் கமிஷனே எழுதியது. மன்றோவின் முறையிலும் குறை இருந்தது. நிலம் இல்லாமல் கூலிக்கு உழுதவனின் பெயர் அந்த ஏட்டில் ஏறவில்லை.

1858-ல் சென்னையில் நில அளவைக்கென்றே தனி இலாகா வந்தது. ஒவ்வொரு வயலுக்கும் படம் வரைந்தார்கள். புலப்படம் என்று அதற்குப் பெயர். ஜமீன்களை ஒழிக்கும் சட்டம் 1948-ல் வந்தது. அதன் பிறகு ஜமீன் கிராமங்களும் ரயத்துவாரி ஆயின.

இன்று கம்ப்யூட்டர் வந்துவிட்டது. 2008-ல் இந்திய சர்க்கார் நில ஏடுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்ற ஒரு தேசியத் திட்டம் தொடங்கியது. நம் மாநிலத்தில் பட்டாவும் சிட்டாவும் தமிழ்நிலம் என்ற முறையில் ஏறியிருக்கின்றன. ஆலங்குளத்தில் இருந்துகொண்டே, ஜில்லா, தாலுகா, கிராமம், சர்வே நம்பர் சொல்லித் தம் நிலத்தின் விவரத்தை ஒருவர் பார்க்கலாம்.

காகிதத்தில் இருந்த புலப்படத்தின் அளவுகளைக் கம்ப்யூட்டரில் கொடுத்தால், அதுவே படத்தை வரைந்துவிடுகிறது. வானத்தில் சுற்றும் செயற்கைக் கோள்களின் உதவியால் எல்லைக் கல் பூமியில் எந்தப் புள்ளியில் நிற்கிறது என்றும் குறிக்கலாம். இப்படி வயல், குளம், ஓடை, பாதை எல்லாவற்றையும் ஒரே படத்தில் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்துப் பார்ப்பதைப் புவியியல் தகவல் முறை என்கிறார்கள்.

இந்த முறையால் ஒரு நன்மை உண்டு. தனித்தனிக் காகிதமாக இருந்தவரை இரண்டு படங்களும் சரியாகத்தான் தோன்றும். பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிப் பார்த்தால்தான், இரண்டு வயல்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்பதும், நடுவே யாருக்கும் இல்லாத இடைவெளி விழுவதும் தெரியும். பட்டாசு வட்டாரத்தில் இது சின்ன விஷயமல்ல. மருந்து கலக்கும் கொட்டகைக்கும் அடுத்த கொட்டகைக்கும், ஆலைக்கும் வெளியே உள்ள வீட்டுக்கும் இத்தனை தூரம் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. எல்லை தப்பினால் தூரம் தப்பும். தூரம் தப்பினால் உயிர் தப்பாது.

ஆனால் தவறு எங்கே என்று காட்டுவதுதான் கம்ப்யூட்டரின் வேலை. எது சரி என்று அதற்குத் தெரியாது. பழைய ஏட்டில் முத்தையா என்பது முத்துசாமி என்று விழுந்திருந்தால், கம்ப்யூட்டரும் முத்துசாமி என்றே சொல்லும். செத்துப்போன பாட்டனார் பெயரில் பட்டா இருந்தால், அவரையே உடையவராகக் காட்டும். அதைத் திருத்த, ஒருவர் வயலுக்குப் போக வேண்டும்; கல்லைப் பார்க்க வேண்டும்; அளக்க வேண்டும்; அளந்ததை இன்னொருவர் சரி பார்க்க வேண்டும்; உடையவரைக் கேட்க வேண்டும். மன்றோ செய்த அதே மூன்று காரியம்!

ஆகவே, வாசகர்களே, அடுத்த தடவை உங்கள் பட்டாவைக் கையில் எடுக்கும்போது மடித்துப் பெட்டியில் வைத்துவிடாதீர்கள். எழுத்துக் கூட்டியாவது படியுங்கள். பெயர் சரியா என்று பாருங்கள். சர்வே நம்பரையும் உட்பிரிவு நம்பரையும் பாருங்கள். அளவு ஹெக்டேரிலும் ஏரிலும் இருக்கும். ஓர் ஏர் என்பது ஏறக்குறைய இரண்டரை செண்டு. ஒரு ஹெக்டேர் என்பது ஏறக்குறைய இரண்டரை ஏக்கர். நான்கு எல்லைக் கல்லும் இருக்கிறதா என்று பிள்ளைகளை அழைத்துப் போய்க் காட்டுங்கள். பிசகு இருந்தால், பாட்டனாரை அறிந்த பெரியவர்கள் இருக்கும்போதே தாலுகா ஆபீசில் மனுக் கொடுத்துத் திருத்துங்கள்.

காது மந்தமான ஒரு மனிதர், மரத்தடியில் உட்கார்ந்து, குடியானவன் சொன்னதைக் கேட்டுத்தான் ஏட்டில் எழுதினார். கம்ப்யூட்டருக்குக் காதே கிடையாது. அதற்கு நாம்தான் சொல்ல வேண்டும்.